பொலிவியாவின் வறுமைக்குக் கடல் இல்லாததுதான் காரணமா?

நண்பர் ஒருவர் கேட்டிருப்பது இது: பொலிவியாவுக்கு ஒரு காலத்தில் பசிபிக் கடற்கரை இருந்தது; 1879-இல் தொடங்கிய போரில் சிலியிடம் அதை இழந்தது; வெள்ளி, வெள்ளீயம், எரிவாயு, லித்தியம் என்று இவ்வளவு இருந்தும் அந்நாடு தென் அமெரிக்காவின் ஏழை நாடுகளில் ஒன்றாக இருப்பதற்குக் கடல் இல்லாததுதானே காரணம்? சிலி ஒரு துண்டுக் கரையைத் திருப்பிக் கொடுத்தால் நிலைமை மாறுமா? கேள்வி இரண்டாகத் தோன்றினாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ஒரு நாட்டின் வறுமைக்கு வரைபடத்தைக் காரணம் காட்டலாமா என்பது. நான் பல ஆண்டுகள் கல்லூரியில் பொருளாதாரப் புவியியல் கற்பித்தவன்; தென் அமெரிக்காவின் சரக்குப் போக்குவரத்து நான் விடாமல் படித்துவரும் துறை. ஆனால் பொலிவியாவில் வாழ்ந்தவன் அல்லன். ஆகவே அந்நாட்டின் பாதைகளையும் வணிகத்தையும் பற்றி நான் சொல்வதற்கு இருக்கும் உறுதியை, அம்மக்களின் மனத்தைப் பற்றி நான் சொல்வதற்குத் தர வேண்டாம்.

சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். கடல் இல்லாதது செலவைக் கூட்டுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கூடுதல் செலவு நாட்டின் வருமானத்தில் ஒரு பகுதியைத் தின்றது என்பதோடு கதை முடிவதில்லை. எந்தச் சரக்கு வெளியே போய் விலை பெறும், எது உள்ளேயே கிடந்து மட்கும் என்பதை அந்தச் செலவுதான் பெரும்பாலும் தீர்மானித்தது. பொலிவியா நானூறு ஆண்டுகளாக ஒரு நேரத்தில் ஒரே பொருளை நம்பி வாழ்ந்ததற்கு அதில் பங்குண்டு. இருந்தாலும் அந்தச் செலவில் பெரும் பகுதி 1879-க்குப் பின் வந்ததன்று. அதற்கு முன்பே, கடற்கரை கையில் இருந்தபோதே, இருந்தது.

இதைப் புரிந்துகொள்ள நிலத்தைப் பார்க்க வேண்டும். பொலிவியாவின் பரப்பு ஏறக்குறைய 11 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் மூன்றில் ஒரு பங்கு. மக்கள் தொகையோ 2024 கணக்கெடுப்பின்படி சுமார் 1 கோடியே 13 லட்சம்தான். மேற்கே ஆண்டிஸ் மலைத்தொடர் இரண்டாகப் பிரிந்து, நடுவில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் ஆல்ட்டிப்ளானோ என்னும் பீடபூமியைத் தாங்கி நிற்கிறது. டிட்டிகாக்கா ஏரியும் யுயுனி உப்புவெளியும் அங்கேதான் உள்ளன. பழைய சுரங்க நகரங்களான ஒரூரோவும் பொட்டோசியும் அந்த மேட்டு நிலத்தைச் சேர்ந்தவை. கிழக்குச் சரிவில் கோச்சபம்பா போன்ற மிதமான தட்பவெப்பமுள்ள பள்ளத்தாக்குகளும், யுங்காஸ் எனப்படும் செங்குத்தான ஈரமலைச் சரிவுகளும் இருக்கின்றன. அதற்கும் கிழக்கே, நாட்டின் பரப்பில் பாதிக்கு மேற்பட்ட நிலம் அமேசான், பராகுவே ஆறுகளை நோக்கிச் சரியும் வெப்பச் சமவெளி. பொலிவியா என்றதும் கம்பளித் தொப்பியும் லாமாவும் நினைவுக்கு வருவதால், அதன் பெரும்பகுதி காடும் புல்வெளியும் என்பதைப் பலர் அறிவதில்லை. இந்த இரு பாதிகளையும் சேர்க்கும் கோச்சபம்பா–சாந்தா குரூஸ் நெடுஞ்சாலை 1950-களில்தான் முடிந்தது. அதுவரை, அரசு அமர்ந்திருக்கும் லா பாஸ் நகரத்துக்குச் சொந்த நாட்டின் சமவெளியைவிடப் பசிபிக் துறைமுகங்கள் அருகில் இருந்தன. உயரம் என்பது வெறும் காட்சி விவரமும் அன்று. லா பாஸுக்கு மேலே உள்ள எல் ஆல்ட்டோ விமான நிலையம் 4,000 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கிருந்து கிளம்பும் விமானங்கள் மெல்லிய காற்றில் மேலெழ நீண்ட ஓடுபாதையும் குறைந்த சுமையும் வேண்டியிருக்கிறது.

இப்போது கடற்கரைக்கு வருவோம். 1825-இல் நாடு விடுதலை பெற்றபோது அதற்குக் கிடைத்த கரை, உலகிலேயே மிக வறண்ட அட்டகாமா பாலைவனத்தின் விளிம்பு. ஸ்பானிய ஆட்சிக் காலத்தில் பொட்டோசி வெள்ளி பெருமளவில் அரிக்கா துறைமுகம் வழியாகவே கடலுக்குப் போனது. அரிக்காவோ புதிய எல்லைக் கோட்டில் பெருவின் பக்கம் போய்விட்டது. பொலிவியா தன் சொந்தத் துறைமுகமாகக் கோபிஹாவை வளர்க்க முயன்றது. குடிநீர் அரிதான அந்த ஊரிலிருந்து மேட்டு நகரங்களுக்குக் கோவேறு கழுதைகளில் பாலைவனத்தைக் கடந்து சரக்கு போக வேண்டும். வணிகர்கள் கணக்குப் பார்த்து அரிக்காவையே தொடர்ந்து பயன்படுத்தினார்கள். அதாவது, கடற்கரை இருந்த ஐம்பது ஆண்டுகளிலும் பொலிவியாவின் முதன்மை வாசல் இன்னொரு நாட்டின் துறைமுகமாகவே இருந்தது. வரலாற்றாளர்களிடையே இதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பள்ளிப் பாடங்களிலும் அரசியல் மேடைகளிலும்தான் இந்தச் செய்தி அதிகம் கேட்கப்படுவதில்லை.

அந்தப் பாலைவனம் மதிப்புப் பெற்றது பின்னர்தான். குவானோ எனப்படும் கடற்பறவை எச்சம், அடுத்து நைட்ரேட் உப்பு, 1870-இல் கராக்கோலெஸ் வெள்ளி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டெடுக்கப்பட்டன. தோண்டிய முதலீடு பெரும்பாலும் சிலியுடையதும் பிரித்தானியருடையதும். உழைத்தவர்களும் பெரும்பாலும் சிலி நாட்டினர். 1874 உடன்படிக்கையில் சிலி நிறுவனங்கள் மீது 25 ஆண்டுகளுக்குப் புதிய வரி இல்லை என்று பொலிவியா ஒப்புக்கொண்டிருந்தது. 1878-இல் ஒரு குவிண்டால் நைட்ரேட்டுக்குப் பத்து சென்டாவோ வரி விதித்தது; அங்கே நைட்ரேட் எடுத்துவந்த சிலி நிறுவனம் மறுத்தது; அதன் சொத்துகளை ஏலம் விட நாள் குறிக்கப்பட்டது. அந்த நாளிலேயே, 1879 பிப்ரவரி 14 அன்று, சிலியின் படை பொலிவியாவின் அந்தோஃபகாஸ்தா துறைமுகத்தில் இறங்கியது. போரில் பெருவும் பொலிவியா பக்கம் இழுக்கப்பட்டு, தன் பங்குக்கு அதுவும் நிலத்தை இழந்தது. அரிக்கா சிலியின் கைக்குப் போனதும் இந்தப் போரில்தான்.

இங்கே இரண்டு இழப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. துறைமுகத்தை இழந்தது ஒன்று. துறைமுகத்தின் பின்னால் இருந்த நிலத்தை இழந்தது வேறொன்று. முதலாவது, நடைமுறையில் பார்த்தால், எண்ணப்படுவதைவிடச் சிறியது. இரண்டாவது எண்ணப்படுவதைவிடப் பெரியது. உலகின் மிகப் பெரிய திறந்தவெளிச் செம்புச் சுரங்கங்களில் ஒன்றான சுக்கிகமாத்தா அந்த நிலத்தில் இருக்கிறது. சிலியின் லித்தியம் பெரும்பாலும் வரும் அட்டகாமா உப்புவெளியும் அங்கேதான். ஆனால் இந்த இரண்டாவது இழப்பைக் கொண்டும், 'அந்த நிலம் கையில் இருந்திருந்தால் பொலிவியா செழித்திருக்கும்' என்று முடிவுகட்ட முடியாது. கையில் இருந்த வெள்ளீயத்தை அந்நாடு என்ன செய்தது என்று பார்த்தால் அந்த ஐயம் ஏன் வருகிறது என்று தெரியும்.

போருக்குப் பின் நடந்தது பலருக்கு வியப்பாக இருக்கும். கடலை இழந்த பொலிவியாவின் ஏற்றுமதி சுருங்கவில்லை, பெருகியது. வெள்ளிச் சுரங்க அதிபரும் 1888 முதல் 1892 வரை குடியரசுத் தலைவராக இருந்தவருமான அனிசெட்டோ ஆர்ஸே, இழந்த அந்தோஃபகாஸ்தாவிலிருந்தே மேட்டு நிலத்துக்கு ரயில் பாதை வர வழி செய்தார். 1889-இல் அது யுயுனியை எட்டியது, 1892-இல் ஒரூரோவை. கடல் வேறொருவர் கையில் இருந்தாலும் ரயில் வந்ததும் சரக்கின் செலவு விழுந்தது. 1904 அமைதி உடன்படிக்கையில் பொலிவியா அந்த நிலத்தின் மீதான உரிமையை விட்டுக்கொடுத்தது. பதிலுக்குச் சிலி 3 லட்சம் பவுண்டு கொடுத்து, தன் துறைமுகங்கள் வழியே என்றென்றைக்கும் தடையற்ற வணிகப் போக்குவரத்து உரிமையை ஏற்று, அரிக்கா–லா பாஸ் ரயில் பாதையையும் தன் செலவில் கட்டித் தந்தது. சுமார் 440 கிலோமீட்டர் நீளமும் 4,200 மீட்டருக்கு மேல் ஏற்றமும் கொண்ட அந்தப் பாதை 1913-இல் திறக்கப்பட்டது.

சரி, உரிமையும் பாதையும் இருந்தும் சிக்கல் எங்கே? மலைமேல் இருந்து கடலுக்கு ஒரு டன் சரக்கை இறக்கும் செலவு, அந்தச் சரக்கின் விலையோடு ஒப்பிடும்போது எவ்வளவு என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. வெள்ளிக்கு அது பொருட்டே இல்லை. வெள்ளீயத் தாதுவுக்குச் சுமை, ஆனால் தாங்கலாம். உருளைக்கிழங்குக்கும் துணிக்கும் மரத்துக்கும் தாங்க முடியாது. எனவே எடை குறைந்த, விலை மிகுந்த, நிலத்தடியிலிருந்து வரும் பொருள்களே தப்பிப் பிழைத்தன. 1545-இல் கண்டறியப்பட்ட பொட்டோசியின் செர்ரோ ரிக்கோ மலையின் வெள்ளி, இருபதாம் நூற்றாண்டில் வெள்ளீயம், பின்னர் குழாயில் ஓடும் எரிவாயு, இன்று விமானத்தில் பறக்கும் தங்கம் என்ற வரிசையைப் பாருங்கள். (இந்தத் தங்கத்தை வாங்கியவர்களில், 2020-களின் தொடக்கத்தில், இந்தியாவும் முன்னணியில் இருந்தது.) மாறாக, பிரேசில் எல்லையில் உள்ள முத்தூன் மலையின் இரும்புத் தாது உலகின் பெரிய படிவுகளில் ஒன்றாக இருந்தும் பல தலைமுறைகளாக அப்படியே கிடந்தது. இந்தியாவின் ஜிந்தால் நிறுவனம் 2007-இல் அதற்கு ஒப்பந்தம் போட்டு, எரிவாயு வழங்கலிலும் முதலீட்டிலும் அரசோடு ஏற்பட்ட தகராறுகளுக்குப் பின் 2012-இல் விலகியது. சீன நிறுவனம் கட்டிய ஆலை 2025-இல்தான் திறக்கப்பட்டது. இரும்பு மலிவானது, கனமானது. அதற்குப் பெரிய ஆறோ கடலோ வேண்டும்.

ஆனாலும் ஒரே பொருளை நம்பியதற்கு முழுப் பழியையும் தூரத்தின் மீது போடுவது நேர்மையாகாது. வெள்ளீயக் காலத்தில் பட்டினோ, ஹோச்ஷில்டு, அராமயோ என்னும் மூன்று குழுமங்கள் தொழிலின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்தன. சிமோன் பட்டினோ உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவராகி, தாதுவை இங்கிலாந்தில் உருக்கும் ஆலையையும் தமதாக்கிக்கொண்டார். பொலிவியாவின் வின்ட்டோ உருக்காலை 1970-களின் தொடக்கத்தில்தான் இயங்கத் தொடங்கியது. லாபம் வெளியே போனதற்குக் காரணம் மலைப்பாதை அன்று. வரி விதிக்க இயலாத, அல்லது விரும்பாத, அரசு. பெரும்பான்மையான பழங்குடி மக்களுக்கு 1952 வரை வாக்குரிமையே இல்லை. அந்த ஆண்டின் புரட்சி வாக்குரிமை தந்தது, மூன்று குழுமங்களின் சுரங்கங்களையும் அரசுடைமையாக்கியது. மறு ஆண்டு நிலச் சீர்திருத்தம் வந்தது. ஆனால் அரசுச் சுரங்க நிறுவனம் நொடித்துக்கொண்டே வந்து, 1985-இல் உலக வெள்ளீயச் சந்தை சரிந்தபோது இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். அதே காலத்தில் பணவீக்கம் ஆயிரக்கணக்கான சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

வேலை இழந்த அந்தச் சுரங்கக் குடும்பங்கள் எங்கே போயின என்பதில்தான் இன்றைய பொலிவியாவின் மக்கள் வரைபடம் இருக்கிறது. ஒரு பகுதியினர் கோச்சபம்பாவின் கிழக்கே உள்ள சப்பாரேவில் கோக்கா பயிரிடப் போனார்கள். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஏவோ மொராலெஸ் அந்தப் பகுதியின் கோக்கா விவசாயிகள் சங்கத்திலிருந்து எழுந்தவர். இன்னொரு பகுதியினர் எல் ஆல்ட்டோவில் குடியேறினார்கள். லா பாஸின் விளிம்பில் இருந்த புறநகர், இன்று அய்மாரா மொழி பேசும் மக்கள் நிறைந்த தனி நகரம். கீழே உள்ள லா பாஸோடு அதை 2014 முதல் கம்பிவட ஊர்திகள் இணைக்கின்றன. பள்ளத்தாக்குகளில் கெச்சுவா, சமவெளியில் குவாரனி, சிக்கித்தானோ முதலிய மக்கள். 2009 அரசியலமைப்பு ஸ்பானியத்தோடு 36 பழங்குடி மொழிகளுக்கும் ஆட்சிமொழித் தகுதி தந்தது. தங்களைப் பழங்குடியினர் என்று சொன்னவர்கள் 2001-இல் சுமார் 62 சதவீதம், 2012-இல் சுமார் 41 சதவீதம். பத்தாண்டில் ஒரு மக்கள்திரள் அப்படிக் கரைய முடியாது. கேள்வி அமைந்த விதமும், நகரத்துக்கு வந்தவர்கள் தங்களை வேறுவிதமாக அடையாளப்படுத்திக்கொண்டதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. ஆகவே 'பொலிவியாவில் இத்தனை சதவீதம் பழங்குடியினர்' என்று ஒற்றை எண்ணாக யாராவது சொன்னால் எச்சரிக்கையோடு கேளுங்கள்.

எரிவாயுவின் கதை கடல் கேள்விக்கு மிக நெருக்கமானது. பிரேசிலுக்கு மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் குழாய்ப்பாதை 1999-இல் இயங்கத் தொடங்கியது. அடுத்து, திரவமாக்கிய எரிவாயுவைச் சிலித் துறைமுகம் வழியாக வட அமெரிக்காவுக்கு அனுப்பும் திட்டம் வந்தபோது, 2003 அக்டோபரில் எல் ஆல்ட்டோ கொதித்தெழுந்தது, பலர் உயிரிழந்தனர், குடியரசுத் தலைவர் சாஞ்செஸ் டி லோசாடா பதவி விலகி நாட்டை விட்டு வெளியேறினார். எரிவாயு மலிவாகப் போகிறது என்பதும், அது சிலி வழியாகப் போகிறது என்பதும் அந்தக் கோபத்தில் கலந்திருந்தன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது வெளியிலிருந்து படிப்பவன் வேலையன்று. 2006-இல் மொராலெஸ் அரசு எரிவாயு வருவாயில் பெரும் பங்கைத் தன் பக்கம் திருப்பியது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருந்தோர் சுமார் 60 சதவீதத்திலிருந்து 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கினர். அந்நியச் செலாவணிக் கையிருப்பு 2014-இல் 1,500 கோடி டாலரைத் தொட்டது. அந்த ஆண்டுகளில் பொலிவியாவுக்குக் கடல் கிடைத்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். அதன்பின் புதிய வயல்களைத் தேடுவது பின்தங்கியது, உற்பத்தி சரிந்தது; ஒரு டாலர் 6.96 பொலிவியானோ என்ற விலையும் எரிபொருள் மானியமும் மட்டும் மாறாமல் நின்றன. 2023 முதல் டாலர் தட்டுப்பாடு, டீசலுக்கு வரிசை. மொராலெஸை ஆட்சிக்குக் கொண்டுவந்து இருபது ஆண்டுகள் ஓங்கியிருந்த கட்சி 2025 தேர்தலில் வீழ்ந்து, ரொட்ரிகோ பாஸ் குடியரசுத் தலைவரானார். அதே ஆண்டில் அர்ஜென்டினாவின் எரிவாயு பொலிவியக் குழாய்கள் வழியாகப் பிரேசிலுக்கு ஓடத் தொடங்கியது; விற்பதற்குச் சொந்தச் சரக்கு குறைந்தபோது, நடுநாடாக இருப்பதே ஒரு சிறு வருவாயாயிற்று.

லித்தியத்தைப் பற்றி நண்பர் குறிப்பிட்டதால் ஒரு வார்த்தை. அமெரிக்க நிலவியல் ஆய்வகம் பொலிவியாவின் லித்திய வளத்தை 2.3 கோடி டன் என மதிப்பிடுகிறது. உலகின் மிகப் பெரிய அளவுகளில் ஒன்று. ஆனால் மண்ணில் இருப்பது வேறு, லாபத்தோடு எடுக்க முடிவது வேறு. யுயுனியின் உப்புநீரில் மக்னீசியம் மிகுதி. மழைக்காலத்தில் வெளி முழுவதும் நீர் தேங்குவதால் வெயிலில் ஆவியாக்கும் முறை சிலியில் போல எளிதாகச் செல்லாது. அரசு ஆலை 2023 இறுதியில் திறக்கப்பட்டும் உலகச் சந்தையில் பொலிவியாவின் பங்கு மிகச் சிறியதே. இதில் கடல் மூன்றாவது, நான்காவது காரணமாகத்தான் வரும்.

இனி கேள்வியின் இரண்டாம் பாதி. பொலிவியா 2013-இல் பன்னாட்டு நீதிமன்றத்தை நாடியது. கடல் வழி குறித்துப் பேச்சு நடத்தச் சிலிக்குச் சட்டக் கடமை இல்லை என்று 2018 அக்டோபர் 1 அன்று, 12-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. எனவே இது இப்போது சட்டக் கேள்வியாக இல்லை. கற்பனைக்காக ஒரு கரைத்துண்டு கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். இன்று லாரிகள் தம்போ கெமாதோ எல்லையில் 4,600 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கி அரிக்காவுக்குப் போகின்றன. எல்லையில் காத்திருப்பு, சிலிச் சுங்க ஊழியர்களின் வேலைநிறுத்தம், துறைமுகக் கட்டணம் பற்றிய ஓயாத சச்சரவு ஆகியவை இறையாண்மையுள்ள துறைமுகம் கிடைத்தால் குறையலாம்; இது உண்மையான ஆதாயம், சிறிதன்று. மலை மட்டும் அப்படியே இருக்கும். பெரு 1992-இல் இலோ கடற்கரையில் பொலிவியாவுக்கு ஒரு பகுதியைப் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. பல ஆண்டுகள் அது பெரும்பாலும் வெறும் மணலாகவே கிடந்தது என்பது, கரை கிடைப்பதும் துறைமுகம் அமைவதும் வெவ்வேறு என்பதற்குப் போதிய சான்று.

இன்னொன்றும் உண்டு. நாட்டின் எடை இடம் மாறிவிட்டது. 2024 கணக்கெடுப்பில் சாந்தா குரூஸ் மாநிலம் மக்கள் தொகையில் லா பாஸை முந்தியது. பொருளாதாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதனுடையது. சோயா, மாட்டிறைச்சி, கரும்பு என்று அங்கே விளைவதெல்லாம் கனமான, மலிவான சரக்கு. அதில் கணிசமான பகுதி கிழக்கே புவெர்ட்டோ கிஹார்ரோ வழியாகப் பராகுவே–பரானா ஆற்றில் சரக்குப் படகுகளில் இறங்கி அட்லாண்டிக்கை அடைகிறது. அந்த ஆறு 2021-லும் 2024-லும் வறட்சியால் மிகத் தாழ்ந்து, படகுகள் அரைச் சுமையோடும் அதைவிடக் குறைவாகவும் ஓட வேண்டியிருந்தது. ஒரு சாந்தா குரூஸ் சோயா விவசாயியிடம் பசிபிக் கரையில் ஒரு துறைமுகமா, படகுப் பாதையைத் தூர்வாரி ஆற்றில் ஆண்டு முழுவதும் ஆழமா என்று கேட்டால் அவர் இரண்டாவதைத்தான் கேட்பார் என்பது என் ஊகம். ஏனென்றால் முதலாவதை அடைய அவருடைய லாரி இன்னும் ஆண்டிஸைக் கடந்தாக வேண்டும்.